இரவு பத்து மணிக்குக் காணாமல் போன நாகப்பட்டினம்: ஒரு ஹாம் ரேடியோ பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அன்று அதிகாலை, 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, பல ஊர்களில் நாள்கணக்கில் பேச வழியில்லை. அப்போது எங்கள் சிறு குழுவில் (உரிமம் பெற்ற ஹாம்கள், அதாவது சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துப் பேசும் ஆர்வலர்கள், பத்துப் பதினைந்து பேர்) எல்லோருக்கும் ஒரே குற்ற உணர்ச்சி. கையில் ரிக் (பேசவும் கேட்கவுமான ரேடியோ செட்) இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது, ஆனால் திட்டம் என்று ஒன்று இல்லை. அடுத்த பருவமழைக்குள் ஒரு திட்டம் போட்டு, அதை 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் எங்கள் நம்பிக்கை வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண் அலை) மேல்தான் இருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு மாலை நாகை நண்பர் கையடக்க செட்டில் 145 மெகாஹெர்ட்ஸில் பேசியது சென்னையில் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது. 260 கிலோமீட்டர்! குழுவில் பாதிப் பேர் அன்றே தீர்மானித்துவிட்டார்கள், புயலுக்கு இது போதும் என்று. கோடைத் தொடக்கத்தில் கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் நிலத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்று படுத்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் இடையே அலை ஒரு குழாய்க்குள் போவதுபோல வளைந்து வெகுதூரம் போகும். மழையும் காற்றும் அடித்துக் கலக்கும் நவம்பரில் அந்தக் குழாய் இருக்காது. 20 மீட்டர் உயரத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால் சாதாரண நாளில் வி.எச்.எஃப். எட்டும் தூரம் ஏறக்குறைய 37 கிலோமீட்டர்தான். இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு எல்லோரும் சம்மதித்து, வானத்தில் பட்டுத் திரும்பும் ஷார்ட்வேவுக்கு வந்தோம்.

திட்டம்

பயிற்சி 2019 செப்டம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை. நெட் கன்ட்ரோல் (எல்லோரையும் முறைவைத்துப் பேசவைக்கும் நிலையம்) சென்னையில், நான். மற்ற முனைகள் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும். நாற்பது மீட்டர் பேண்டில் (அலைநீளத்தை வைத்து வந்த பெயர்) 7.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓர் அலைவரிசை. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையமும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நாகையில் லாரி பேட்டரி, மொட்டை மாடியில் 8 மீட்டர் உயரத்தில் 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா).

அந்த உயரம் தெரிந்தே வைத்தது. டைபோலைத் தாழ்வாகக் கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் (மேல் வானில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) பட்டுச் சுற்றியுள்ள நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழைபோல இறங்கும். இதை ஹாம்கள் என்விஸ் என்பார்கள். மலையோ கட்டடமோ நடுவில் இருந்தாலும் கவலையில்லை.

ஏன் நாற்பது மீட்டர்? ஏனென்றால் எங்கள் வாராந்தர நெட் (எல்லோரும் கூடிப் பேசும் ரேடியோ சந்திப்பு) அதில்தான் நடக்கும், ஞாயிறு காலை 7.30க்கு. மூன்று வருடமாக ஒரு வாரம்கூட நாகை கேட்காமல் போனதில்லை. இந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் விழுந்த குழி இருந்தது. எங்களுக்கு நாற்பது மீட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பகல் வெளிச்சத்தில் தெரிந்துகொண்டது.

இரவு 9.40 முதல் 11.30 வரை

மதியம் முழுக்க வேலை சுலபமாக ஓடியது. மாலை ஆறு மணிக்கு நாகை ஃபைவ் நைன், அதாவது தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஒன்பது. ஒன்பது மணிச் செய்தியும் சுத்தமாக வந்தது. 9.40க்குக் குரல் ஆழமாக ஏறி இறங்க ஆரம்பித்தது. பத்து மணிச் செய்தியை மூன்று தடவை கேட்டு எழுதினேன். 10.15க்கு நாகை இல்லை. கடலூர் அதற்கும் முன்பே போயிருந்தது. அது நாகையைவிட எனக்குப் பக்கம், 160 கிலோமீட்டருக்கும் குறைவு. பக்கத்தில் இருப்பவர் முதலில் போனார் என்பது அப்போதே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

என் குறிப்பேட்டில் 10.20க்கு எழுதியிருப்பது: "நாகை ஆன்டெனா கோளாறு?" அதாவது தப்பு அவருடையது என்று முடிவு கட்டிவிட்டேன். கைபேசியில் (பயிற்சி விதிப்படி அவசரத்துக்கு மட்டும் அனுமதி) கூப்பிட்டேன். கேட்டது எஸ்.டபிள்யூ.ஆர்., ஆன்டெனாவில் இருந்து செட்டுக்கே எவ்வளவு அலை திரும்புகிறது என்று காட்டும் எண். ஒன்றை ஒட்டி இருந்தால் ஆன்டெனா சரி.

"எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு காட்டுது தம்பி?"

"ஒன்று புள்ளி மூணு சார். சாயங்காலம் இருந்தது அப்படியே இருக்கு."

"பவரை ஏத்துங்க."

அவர் 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு ஏற்றினார். ஒன்றும் மாறவில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல், எஸ் மீட்டரில் (வரும் அலையின் வலிமையைக் காட்டும் மானி) அரைப் புள்ளி. அதுவும் அலை திரும்பி வந்தால்தான். பேட்டரி மட்டும் வேகமாக இறங்கத் தொடங்கியது. அடுத்து நான் சொன்னதை இங்கே பதிவு செய்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆன்டெனாவை உயர்த்தச் சொன்னேன். தூறலில், இருட்டில், தனி ஆளாக அவர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி ஒரு முனையை 12 மீட்டர் வரை தூக்கிக் கட்டினார். பலன் பூஜ்யம். விழுந்திருந்தால் பயிற்சி அங்கேயே வேறு விதமாக முடிந்திருக்கும்.

இதற்கிடையே பேண்ட் செத்துப் போயிருந்ததா என்றால் அதுவும் இல்லை. டயலை லேசாகத் திருப்பினால் இந்தோனேசியக் குரல்கள் கண்ணாடி போலக் கேட்டன. நான் அவற்றை இடைஞ்சலாகப் பார்த்தேன். விடை அங்கேதான் இருந்தது.

ஐதராபாத்தில் இருந்து ஒரு குரல்

11.30க்கு, திட்டத்திலேயே இல்லாத ஒருவர் உள்ளே வந்தார். ஐதராபாத்தில் இருக்கும் ஒரு பெரியவர், தமிழர், பணி ஓய்வு பெற்றவர். தூக்கம் வராமல் பேண்டைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சென்னை, நாகை உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். நீங்களும் அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. எனக்கு ரெண்டு பேரும் நல்லாக் கேக்குது. ரிலே போடட்டுமா?"

போட்டார். பத்தரை, பதினோரு, பதினொன்றரை மணிச் செய்திகள் 750 கிலோமீட்டர் வடக்கே போய், 515 கிலோமீட்டர் திரும்பி, 260 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த எனக்கு வந்து சேர்ந்தன. வேலை ஒரு நிலைக்கு வந்ததும் பெரியவர் சொன்னது (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்): "ஓஎம், உங்க ரெண்டு பேர் செட்டும் நல்லாத்தான் இருக்கு. மேல கூரை ஓட்டையாயிடுச்சு."

அந்தக் கூரை எஃப் அடுக்கு. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் காற்றை அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரித்துவைக்கிறது. செங்குத்தாக மேலே அனுப்பும் அலையை அந்த அடுக்கு எந்த அதிர்வெண் வரை திருப்பி அனுப்புமோ அதற்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். பகலில் அது 7.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், என்விஸ் நடக்கும். சூரியன் போனதும் எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து மறைய, அந்த எண் இறங்கும். இறங்கியதும் செங்குத்தாகப் போகும் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆனால் சாய்வாகப் போகும் அலை அதே அடுக்கில் பட்டுத் திரும்பும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் செங்குத்தாகப் போட்டால் மூழ்கும், சாய்த்து வீசினால் தத்திப் போகும் என்பது போலத்தான். அதனால்தான் ஜாவா கேட்டது, கடலூர் கேட்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அடுக்கு 300 கிலோமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு, பூமியின் வளைவை விட்டுவிட்டால், சென்னை–நாகை தூரத்துக்கு மாறுநிலை அதிர்வெண்ணின் 1.1 மடங்கு வரைதான் திரும்பும். சென்னை–ஐதராபாத்துக்கு 1.32 மடங்கு. நாகை–ஐதராபாத்துக்கு 1.6 மடங்கு. பதினொன்றரைக்கு முதல் பாதை மூடியிருந்தது, இரண்டாவது திறந்திருந்தது. எனவே அப்போது மாறுநிலை அதிர்வெண் 5.4க்கும் 6.5க்கும் நடுவே எங்கோ இருந்திருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல், யார் யாருக்குக் கேட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்ல முடிகிறது.

இதில் ஆண்டுக்கும் பங்கு உண்டு. 2019 டிசம்பர், சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அடிமட்டம். சூரியப் புள்ளிகளே இல்லாத நாள்கள் வரிசையாக வந்த காலம் அது. கூரை ஏற்கெனவே மெலிந்துதான் இருந்தது.

கம்பியை நீட்டியது

ஒரு மணிக்குச் சென்னை–ஐதராபாத் பாதையும் ஆட ஆரம்பித்தது. ரிலேயை நம்பி விடியும்வரை ஓட்ட முடியாது என்று தெரிந்தது. இரண்டு வழி இருந்தது: பயிற்சியை அதோடு நிறுத்திக் காலையில் தொடர்வது, அல்லது எண்பது மீட்டருக்கு இறங்குவது. 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு மாறுநிலை அதிர்வெண் சுமார் 3.3 இருந்தாலே போதும். நிறுத்தலாம் என்று எனக்கு ஆசைதான். கஜா கரையேறிய நேரம் எது என்று கடலூர்க்காரர் கைபேசியில் நினைவுபடுத்தினார். அதோடு பேச்சு முடிந்தது.

சென்னையிலும் கடலூரிலும் எண்பது மீட்டர் டைபோல் ஏற்கெனவே கட்டியிருந்தது. நாகையில் இல்லை. முழு நீளம் ஏறக்குறைய 40 மீட்டர், மாடி அவ்வளவு அகலம் கிடையாது. நண்பரிடம் ஒரு சுருள் வயரிங் கம்பி இருந்தது. இந்த முறை தொட்டி மேல் ஏற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். டைபோலின் இரு முனைகளையும் கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கி, இன்சுலேட்டரைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் பத்து மீட்டர் கம்பியை முதலைக் கிளிப்பால் மாட்டினார். மீண்டும் இழுத்துக் கட்டியபோது ஒரு பக்க நீட்டம் கஜாவில் தப்பிய தென்னை மரத்துக்குப் போனது, இன்னொன்று மாடிச் சுவரை ஒட்டித் தொங்கியது. ஆள் கைபடாத உயரத்தில்தான். ஒலிபரப்பும்போது முனையில் நல்ல வோல்டேஜ் இருக்கும். முதலில் எஸ்.டபிள்யூ.ஆர். 2.4. முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து 1.6க்குக் கொண்டுவந்தார்.

2.50க்கு 3.6 மெகாஹெர்ட்ஸில் நாகை திரும்பி வந்தது. ஃபைவ் செவன். வங்கக் கடலில் எங்கோ இடி. ஒவ்வொரு மின்னலுக்கும் காதில் சுள்ளென்று ஒரு சத்தம். எண்பது மீட்டரின் விலை அது. நவம்பரில் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால், செய்திகளை ஐந்தைந்து சொல்லாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டோம்.

விடியலுக்கு முன்

இது எதிர்பாராதது. 4.40க்கு எண்பது மீட்டரிலும் நாகை மங்கியது. சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் அயனி மண்டலம் மிக மெலிந்திருக்கும் நேரம், அன்று 3.6 மெகாஹெர்ட்ஸுக்குக்கூட அது போதவில்லை. இந்தத் தடவை நாங்கள் யாரும் ஆன்டெனாவைச் சந்தேகப்படவில்லை. பெரியவரை எண்பது மீட்டரில் கூப்பிட்டோம். அவருக்கு இருவருமே கேட்டோம், பழைய கதையே பாதி அதிர்வெண்ணில். 6.05 வரை அவர்தான் பாலம். இதற்குக் கீழே நூற்றறுபது மீட்டர் பேண்ட் இருக்கிறது, ஆனால் அதன் டைபோல் 78 மீட்டர் நீளம், நாகையின் தெருவையே குறுக்கே கட்ட வேண்டும்.

சூரியன் வந்ததும் எல்லாம் தலைகீழ். 7.20க்கு நாற்பது மீட்டர் திறந்துகொண்டது. அப்புறம் கொஞ்ச நேரத்திலேயே எண்பது மீட்டர் தேய ஆரம்பித்தது, ஒன்பது மணிக்குமேல் அதில் எதுவும் இல்லை. அதற்குக் காரணம் வேறு அடுக்கு. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் மட்டும் உருவாகும் டி அடுக்கு அலையைத் திருப்பாது, விழுங்கும். அதிர்வெண் பாதியானால் விழுங்கும் டெசிபல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே பகலுக்கு நாற்பது, இரவுக்கு எண்பது என்பது பழக்கத்தால் வந்த விதி இல்லை. மேலே ஓட்டை, கீழே பஞ்சு, இரண்டுக்கும் நடுவே வழி தேடுவதுதான்.

24 மணி நேரத்தில் நாகையில் இருந்து வர வேண்டியவை 48 செய்திகள். 46 வந்துசேர்ந்தன, சில ஒரு மணி நேரத் தாமதத்தோடு. 1.30க்கும் 2.30க்கும் இடையே கம்பி கட்டும் வேலையில் இரண்டு போயின.

பின்னர் நடந்தவை

நவம்பர் தொடக்கத்தில் இரண்டாவது பயிற்சி, இரவு மட்டும். இம்முறை ஐதராபாத் திட்டத்திலேயே இருந்தது. பேண்ட் மாற்றக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடலூரை அடையாளமாக வைத்தோம்: மிகப் பக்கத்தில் இருப்பவர் மங்கத் தொடங்கினால் எல்லோரும் எண்பதுக்கு இறங்க வேண்டும், பேச்சு வார்த்தை கிடையாது. அன்று 9.10க்கே இறங்கினோம். ஒரு செய்தியும் தவறவில்லை.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அதுவும் நள்ளிரவை ஒட்டித்தான். அன்று எங்கள் ஆள்கள் 3.6 மெகாஹெர்ட்ஸில் இருந்தார்கள். கைபேசி பெரும்பாலும் தாக்குப்பிடித்ததால் அனுப்ப வேண்டிய செய்தி அதிகம் இல்லை. நல்லதுதான்.

2024இல் சூரியன் உச்சத்துக்கு வந்தபோது அதே பயிற்சியைத் திரும்பச் செய்தோம். நாற்பது மீட்டர் நள்ளிரவு தாண்டியும் மூடவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, இதுக்குப் போயா இவ்வளவு பெரிய திட்டம்?" ஆனால் அன்று வேறு தொல்லை. இருட்டி ஒரு மணி நேரம் கழித்துக் குரல்கள் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல நடுங்கின. எஸ் மீட்டர் ஒன்பது காட்டுகிறது, பேச்சு புரியவில்லை. நாம் இருப்பது காந்த நடுக்கோட்டின் பக்கத்தில். அது திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்ததற்கே அதுதான் காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு மேலே எழும்பி, அடியில் குமிழிகள் கிளம்பி, கூரை வழவழப்பை இழந்து சொரசொரப்பாகிவிடும். சூரிய உச்சத்தில் இது அதிகம். வேறு நாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்தால் இது அதில் இருக்காது. அன்று மோர்ஸுக்கு மாறி, நிதானமாகத் தட்டி வேலையை முடித்தோம். குழுவில் மோர்ஸ் தெரிந்தவர்கள் மூவர்தான்.

மாற்றியவை, மாற்றாதவை

நாகை மாடியில் இப்போது இரண்டு டைபோல்கள் ஒரே கோஆக்ஸ் கேபிளில் தொங்குகின்றன, நாற்பதுக்கும் எண்பதுக்கும். எண்பதின் முனைகள் மடித்தபடியே நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிட்டன. இருட்டில் யாரும் ஏறக்கூடாது என்பது எழுதி வைத்த விதி. அதை எழுதியவன் நான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் புயல் வட்டத்துக்கு வெளியே, 500 முதல் 800 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு ரிலே நிலையம் கட்டாயம். முன்பெல்லாம் தூரத்தில் இருப்பவரை வேடிக்கை பார்ப்பவராகத்தான் நினைத்தோம். பயிற்சிக்கு முன் வாரம் ஒருநாள் நள்ளிரவிலும் விடியற்காலை ஐந்து மணிக்கும் பத்து நிமிட நெட் வைக்கிறோம். ஆள் வருவது குறைவுதான், ஆனால் அந்த நேரத்துப் பேண்ட் எப்படி இருக்கும் என்று இப்போது எழுத்தில் இருக்கிறது.

குறிப்பேட்டின் வடிவமும் மாறியது. முன்பு "கேட்டது, கேட்கவில்லை" என்று இரண்டு பத்திகள். இப்போது மூன்றாவதாக ஒன்று: "அதே நேரத்தில் வேறு யார் கேட்டார்கள்?" அன்று 10.20க்கு அந்தப் பத்தி இருந்திருந்தால் இந்தோனேசியா என்று எழுதியிருப்பேன், நாகை நண்பர் தொட்டி மேல் ஏறியிருக்க மாட்டார்.

விடியலுக்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் இன்னும் சொந்தமாக ஒரு வழியில்லை. அது பெரியவரின் தூக்கமின்மையை நம்பி இருந்தது. போன ஆண்டு அவருக்குக் கண் அறுவை நடந்தபோது இரண்டு வாரம் அவர் வரவில்லை. இப்போது பெங்களூருக்கு அப்பால் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.